அண்டி ஆபீஸில் சக்கர நாற்காலிக்காரர், காது கேளாதவர்: சாய்வுதளம் கட்டினால் போதுமா?

பீலிங் சூப்பர்வைசர், விளவங்கோடு

மார்த்தாண்டம் பக்கம், 65 பேர் வேலை பார்க்கிற அண்டி ஆபீஸ், அதாவது முந்திரித் தொழிற்சாலை. அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேருகிறார்கள். ஒருவர் 34 வயதுப் பெண். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, உள்ளே சக்கர நாற்காலி, வீட்டிலிருந்து பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வருவார். பீலிங்கில் (பருப்பின் தோல் உரிப்பது) போடலாம் என்று நினைக்கிறோம். இன்னொருவர் பிறவியிலேயே காது கேளாத தம்பி. அவர் கிரேடிங்குக்கு (பருப்பை ரகம் பிரிப்பது).

ஹால் தரை முற்றத்தைவிட 18 அங்குலம் உயரம், மூன்று படி. பீலிங் தரையில் பலகை போட்டு உட்கார்ந்துதான் நடக்கிறது. கக்கூஸ் பின்னால் இருக்கிறது, குத்தவைக்கிற மாதிரி, கதவு இரண்டரை அடி. கூலி கிலோ கணக்கு. 'சாய்வுதளம் போட்டால் தீர்ந்ததே' என்கிறார் முதலாளி. தீருமா? சட்டப்படி வேறு என்ன செய்ய வேண்டும்?

தக்கலை சிவில்

அக்கா, கொத்தனாரை முதலில் கக்கூஸுக்கு அனுப்புங்கள், சாய்வுதளம் அப்புறம். போக இடமில்லை என்று தெரிந்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று வரும், லீவு கூடும், கடைசியில் வேலையை விட்டுவிடுவார்கள். 'அவங்களுக்கு முடியல' என்று வெளியே பேச்சாகும். உண்மையில் முடியாமல் போனது கட்டடத்துக்கு.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கக்கூஸ் இருந்தால் நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்குங்கள். உள்ளளவு ஏழேகால் அடிக்கு ஆறரை அடி வேண்டும், அப்போதுதான் நாற்காலியைத் திருப்ப 5 அடி வட்டம் கிடைக்கும். கதவைத் திறந்த பிறகு மிஞ்சுகிற வழி 3 அடி. கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கிற கதவென்றால், உள்ளே ஆள் விழுந்தபோது அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெஸ்டர்ன் கோப்பையின் சீட் தரையிலிருந்து 18 முதல் 19 அங்குலம். கைப்பிடிக் கம்பி சீட்டுக்கு 8 அங்குலம் மேலே, சுவர்ப் பக்கம் நிலையானது ஒன்று, மறுபக்கம் மடக்குவது ஒன்று. கம்பியில் முழு உடம்பும் தொங்கும் என்பதால் ஹாலோ பிளாக் சுவரில் மாட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும். அந்த இடத்தை மட்டுமாவது செங்கல் வைத்துக் கட்டி ஆங்கர் போல்ட் போடுங்கள்.

சாய்வுதளத்துக்குக் கணக்கு எளிது. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம், உங்கள் 18 அங்குலத்துக்கு 18 அடி. அகலம் 4 அடி. மேலே கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடாவிட்டால் கதவைத் திறக்கிற நேரத்தில் நாற்காலி பின்னால் உருளும். கைப்பிடி இரண்டு பக்கமும், 30 அங்குலத்தில் ஒன்று, 36 அங்குலத்தில் ஒன்று. கொத்தனார் 9 அடி போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சரிவில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளாமல் ஏற முடியாது, நாற்காலி மல்லாந்து விழவும் செய்யும்.

நம்ம மாவட்டத்தில் மழை இரண்டு பருவமும் உண்டு. பாசி பிடிக்கும். வழவழப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே குறுக்குவாட்டில் துடைப்பத்தால் கோடு இழுத்து விடுங்கள், மழை படாமல் மேலே ஷீட் கூரை போடுங்கள். பழைய மூன்று படியை இடிக்காமல் அதற்கும் கைப்பிடி வையுங்கள். காலிப்பர் (காலுக்குப் போடுகிற தாங்கு கம்பி) போட்டு ஊன்றுகோலில் நடப்பவர்கள் பலருக்குச் சரிவைவிடப் படியே சௌகரியம்.

பிசியோ, நாகர்கோவில்

அந்தப் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது, காலில் உணர்வு இருக்கிறதா என்று. போலியோ என்றால் அசைவுதான் போயிருக்கும், தொட்டால் சுட்டால் தெரியும். முதுகுத்தண்டு அடி என்றால் பெரும்பாலும் உணர்வும் இருக்காது. அண்டி ஆபீஸில் இது பெரிய வித்தியாசம். போர்மாவிலிருந்து (பருப்பை உலர்த்துகிற சூடான அறை) வந்த சூடான ட்ரேயை மடியில் வைத்தால் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. தோலைப் புண்ணாக்குகிற முந்திரித் தோட்டு எண்ணெய் காலில் சொட்டினாலும் அதே கதை. மடியில் எதையும் வைக்கக் கூடாது, உடைப்பு செக்‌ஷன் பக்கம் இடம் கொடுக்கக் கூடாது.

உணர்வில்லாதவருக்குப் படுக்கைப்புண் உட்கார்ந்த இடத்திலேயே வரும். நாற்காலியில் 3 முதல் 4 அங்குல மெத்தை வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒன்றிரண்டு நிமிடம் இருந்து, பிறகு மறுபக்கம். அதைப் பார்த்து யாரும் 'வேலை நேரத்தில் சாய்ந்து கிடக்கிறார்' என்று சொல்லாதபடி சூப்பர்வைசர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தரைப் பலகைக்குப் பதிலாக அவருக்கு மேசை, 30 அங்குல உயரம். அடியில் முழங்காலுக்கு 27 முதல் 28 அங்குலம் காலி, உள்நோக்கி 19 அங்குலம் காலி. தச்சர் பழக்கதோஷத்தில் முன்பக்கம் குறுக்குச் சட்டம் அடிப்பார், அது முழங்காலில் இடிக்கும்.

அடுத்தது கூலி. கிலோ கணக்கில் கூலி என்றால் ட்ரே எடுக்கப் போகிற நேரமும் தராசுக்கு வரிசையில் நிற்கிற நேரமும் காசுதான். மற்றவர் ஒரு நிமிடத்தில் போய்வருவதற்கு அவருக்கு நாலு நிமிடம் ஆகும். கை வேகம் ஒன்றாக இருந்தும் சாயங்காலம் எடை குறையும். அதனால் ட்ரேயை ஒருவர் மேசைக்கே கொண்டு வரட்டும், உரித்ததை அங்கேயே வாங்கிக்கொண்டு போய் அவர் பார்க்கும்படி எடை போடட்டும்.

'லேசான வேலை' என்று சொல்லி பேக்கிங்குக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு டின் 11.34 கிலோ. உட்கார்ந்தபடி அதைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள்பட்டை போகும். நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்தான் கால்.

சைகை மொழிபெயர்ப்பாளர், குளச்சல்

தம்பி விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம்புவது. உங்கள் கிரேடிங் ஹாலில் எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள், உதடு எங்கே தெரியும்? அடுத்தது, நீளமாக எழுதிக் காட்டுவது. சைகை மொழியின் இலக்கணம் வேறு. பத்தாம் வகுப்புப் படித்திருந்தாலும் நீளமான தமிழ் வாக்கியம் பலருக்குக் கஷ்டம். 'நாளை லீவு', '240 இங்கே' (240 என்பது ஒரு பருப்பு ரகம்) என்று இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்துங்கள்.

தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிரேடுக்கு மாதிரி வையுங்கள். டபிள்யூ (முழுப் பருப்பு) 180, 240, 320, கருகியது, பிளந்தது என்று ஒவ்வொன்றிலும் பத்துப் பருப்பைக் கண்ணாடி டப்பாவில் அடைத்து மேசையில் ஒட்டுங்கள். வாயால் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்த டப்பா அதிகம் சொல்லும். மற்ற தொழிலாளிகளுக்கும் பயன்படும். முதல் வாரத்துக்கு மட்டுமாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூடவே மேசைக்காரர்கள் முப்பது நாற்பது சைகை கற்கட்டும். இந்திய சைகை மொழி மையம் 2021-ல் 10,000 சொல் அகராதியை வீடியோவாக வெளியிட்டிருக்கிறது.

மணி அடிக்கிற இடத்திலெல்லாம் அதே வயரில் சுழல் விளக்கும் மாட்டுங்கள், கக்கூஸ் உட்பட. தீப்பிடித்தால் கக்கூஸில் இருப்பவருக்குத்தான் கடைசியில் தெரியும். போர்மா பக்கம் தள்ளுவண்டி வருகிற வழிக்கு முதுகு காட்டி அவருக்கு இருக்கை போடாதீர்கள்.

கணக்கர், மார்த்தாண்டம்

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வைக்கச் சொல்கிறது. 20 பேரும் அதற்கு மேலும் உள்ள தனியார் நிறுவனம் என்றால் எந்தெந்த வேலை, எப்படித் தேர்வு, என்ன வசதி, யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஆபீஸில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி, நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த தடவை 50,000 முதல் 5 லட்சம் வரை. கிலோ ரேட்டை இவர்களுக்கென்று குறைக்கவே கூடாது.

இரண்டு பேரிடமும் யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் கோடு என்றால் குறைபாடு 40 முதல் 79 சதவீதம், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும். இ.எஸ்.ஐ. பதிவில் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிப்பிட மறக்காதீர்கள். மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000, இவர்களுக்கு 25,000. வேறு சந்தேகமென்றால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது.

பீலிங் சூப்பர்வைசர், விளவங்கோடு

எல்லாருக்கும் நன்றி. சிவில் அண்ணாச்சி, ஒரு சிக்கல். வாசலுக்கும் ஓடைக்கும் நடுவில் 11 அடிதான் இருக்கிறது. 18 அடிக்கு எங்கே போக?

தக்கலை சிவில்

வாசலுக்கு நேரே இறக்காதீர்கள் அக்கா, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்குங்கள். மேல் சமதளம் 5, சரிவு 18, ஆக 23 அடிச் சுவர் வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால் 9 அடி இறங்கி, 5 அடி சமதளத்தில் திரும்பி, மறுபடி 9 அடி. நீளம் 19 அடியில் அடங்கும், ஓடைப் பக்கமாக அகலம் 9 அடி போதும். சரிவு கீழே முடிகிற இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த நிழலும், அதற்குப் பக்கத்தில் 4 அடி காலி இடமும் விடுங்கள், நாற்காலிக்கு மாற அது வேண்டும்.

சிமெண்ட் வாங்குமுன் முற்றத்திலும் கக்கூஸ் தரையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்த அக்காவையே வரச்சொல்லுங்கள். கோட்டுக்குள் நாற்காலியைத் திருப்பிப் பார்க்கட்டும். சக்கரம் எங்கே கோட்டைத் தாண்டுகிறதோ அங்கே அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.