ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியபின் ஏற்றத்தில் இழுவை இல்லை, இறக்கத்தில் வெடிச்சத்தம்

சேலத்துக்காரன்:
2014 மாடல், 350 சிசி, கார்புரேட்டர் வண்டி. போன வாரம் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, புகையை அதிகம் தடுக்காத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினேன். சத்தம் கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஞாயிறன்று மனைவியுடன் ஏற்காடு ஏறியபோது வினை தெரிந்தது. வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறும் இடத்தில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் சரவெடிபோல் வெடித்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் குரங்குகள் எங்களைத்தான் பார்த்தன. இன்ஜின் கெட்டுவிட்டதா?

மூத்த மெக்கானிக்:
இன்னும் கெடவில்லை தம்பி. முதலில் வெடிச்சத்தத்தைப் பார்ப்போம். ஆக்ஸிலேட்டரை மூடும்போது, கார்புரேட்டர் தரும் பெட்ரோல்-காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைந்தால் அது சிலிண்டரில் சரியாக எரியாமல் புகைக் குழாய்க்குப் போய்விடும். அங்கே இணைப்பு வழியாகக் காற்றும் புகுந்தால் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். இன்ஜின் ஹெட்டில் குழாய் சேரும் இடத்துக்குப் புது கேஸ்கெட் (கசிவை அடைக்கும் வளையம்) போட்டார்களா? இன்ஜின் ஆறியிருக்கும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்து, சைலன்சரின் பின்முனையைத் தடித்த துணியால் ஒரு நொடி அடையுங்கள். ஸ்பார்க் ப்ளக் நிறத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்:
குமிழ் குமிழாக நுரை கிளம்பியது ஐயா. பழைய கேஸ்கெட்டையே நசுங்கிய நிலையில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ப்ளக் நுனி சுண்ணாம்பு வெள்ளை.

மூத்த மெக்கானிக்:
வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. இப்படியே ஓட்டினால் சூடு ஏறி, நீங்கள் பயந்தது நடக்கும். புகை தடையின்றிப் போவதால் காற்று கூடுதலாக உள்ளே வருகிறது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டோ பழைய அளவு. மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, மெதுவான ஓட்டத்துக்குக் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்புங்கள். நுனி காபி நிறத்துக்கு வர வேண்டும்.

ஒற்றைச் சிலிண்டர்:
இழுவைக்கு 'பேக் பிரஷர்' (புகைக்கு எதிரான தடை) வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். புகையைத் தடுப்பதால் எந்த இன்ஜினுக்கும் பலம் வராது. வேண்டியது புகையின் வேகம். குழாய் அளவாக இருந்தால், விரைந்து வெளியேறும் புகை பின்னால் இருப்பதையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். அகலம் கூடினால் குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் சுற்று வேகத்தில்) அந்த வேகம் செத்துவிடும். நீங்கள் மலை ஏறுவதே அந்த ஆர்பிஎம்மில்தான்! இன்னொன்று, இப்படி அதிகச் சத்தம் போடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும்.

சேலத்துக்காரன்:
கேஸ்கெட்டும் ஜெட்டும் மாற்றினேன். வெடிச்சத்தம் நின்றது, ப்ளக்கும் நிறம் மாறியது. இழுவை மட்டும் பாதிதான் திரும்பியது. கம்பெனி சைலன்சருக்கே போய்விடலாமா?

மூத்த மெக்கானிக்:
தாராளமாக. ஜெட்டையும் ஸ்க்ரூவையும் பழையபடி வையுங்கள், இல்லாவிட்டால் ப்ளக் கரி பிடிக்கும்.

சேலத்துக்காரன்:
மாட்டிவிட்டு இன்று மறுபடி ஏற்காடு போனோம். அதே இடம், மூன்றாவது கியர். ஃப்ரீ ஃப்ளோ பரணில் கிடக்கிறது, விற்க மனம் வரவில்லை.