இடது பட்டனில் சுற்றிய டேப்

பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்

19 வருடம் பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை அழுத்திப் பாகங்கள் செய்யும் பிரிவில், இருந்தவன். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் ராம் எனும் கனமான மேல் பகுதி இறங்கும். கை டைக்குள் (தகட்டை அழுத்தும் அச்சுக்குள்) மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் ஷிப்டில் இடது பட்டன்மேல் ரப்பர் துண்டை வைத்து, இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். பழைய மெஷின், அதைக் கண்டுபிடிக்காது. ஒரு கை பட்டனுக்கு, மறு கை செய்து முடிந்த பீஸை எடுக்க. எனக்கு இது தெரியும். பீஸ் எண்ணிக்கை ஏறியதால் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

இரவு ஷிப்ட் முடிய 40 நிமிடம் இருந்தபோது ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் போய்விட்டது. அவன் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்து மெஷின்காரர்தான் அலறினார். நான் ஓடிப் போனதும் முதலில் கண்ணில் பட்டது அந்த டேப். ஓரம் பிரிந்து, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டேப்பால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு, அதாவது ராம் ஒரு முறை இறங்கி ஏறுவதற்கு, ஒரு நொடி மிச்சம். ஷிப்டுக்கு 1,500 ஸ்ட்ரோக், ஆக 25 நிமிடம். விபத்துக்குப் பிறகு மெஷின் நின்றது இரண்டு நாள், 48 மணி நேரம். அதை மட்டும் ஈடுகட்டவே 115 ஷிப்ட் டேப் சுற்றி ஓட்ட வேண்டும். புது ஆள் பழகும்வரை கெட்டுப்போய் ஸ்கிராப்பில் விழுந்த பீஸ்களும், மற்றவர்கள் வாரக்கணக்கில் பயந்து பயந்து ஓட்டியதும் இந்தக் கணக்கில் வரவில்லை. விரலை எந்தக் கணக்கில் எழுதுவது?

பிறகு வேறொரு நாட்டில் வேலை. அங்கே பிரஸ் முன்னால் ஒளித்திரை. கை குறுக்கே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். பீஸை எடுக்கக் காந்தக் கோல். ஒரு ஷிப்டில் வரும் பீஸ் எண்ணிக்கை எங்களைவிட அதிகம். மெஷின்கள் புதியவை என்பதும் காரணம்தான். ஆனால் அங்கே யாரும் அவசரப்பட்டு நான் பார்க்கவில்லை.

கட்டிடத் தளப் பொறியாளர்

அண்ணா, உங்கள் கணக்கைப் படித்ததும் எங்கள் கட்டிடத்துச் சாரம் நினைவுக்கு வந்தது. பிற்பகல் மூன்று மணி, கொளுத்தும் வெயில். ஒரு கொத்தனார் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. பதிவேட்டில் 'கால் தவறி விழுந்தார்' என்று எழுதினார்கள். விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

அதன்பின் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலையைத் தொடங்கி, நடுப்பகலில் நிறுத்தினோம். வாரக் கடைசியில் அளந்தால் பூச்சு வேலை குறையவில்லை. வெயிலில் பூசி, மறுநாள் உடைத்துத் திரும்பப் பூசுவது நின்றதே பெரிய லாபம்.

2030-க்குள் வெப்பத்தால் உலகின் வேலை நேரத்தில் 2.2 சதவீதம், அதாவது 8 கோடி முழுநேர வேலைக்குச் சமமான நேரம், வீணாகும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கணித்தது. தெற்காசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் அது 5 சதவீதத்தை ஒட்டி வரும். கத்தாரில் 2021 முதல் ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை.

பாதுகாப்புத் தணிக்கை செய்பவள்

இருவரும் சொன்னது சரி. நாடுகளை ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: காயக் கணக்கு குறைவாக இருக்கும் இடம் பத்திரமான இடம் என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவிலேயே ருமேனியாவும் பல்கேரியாவும் பதிவு செய்யும் காயங்கள் மிகக் குறைவு, வேலையிடச் சாவு விகிதமோ அதிகம். காயத்தைச் சொன்னால் காப்பீடு கிடைக்கும் நாட்டில் ஆட்கள் சொல்வார்கள். வேலை போய்விடும் என்றால் துணியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அதனால் நான் முதலில் சாவு எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். சாவை மறைப்பது கடினம்.

2023-இல் வந்த பன்னாட்டு மதிப்பீட்டின்படி வருடத்துக்குச் சுமார் 29.3 லட்சம் பேர் வேலை காரணமாக இறக்கிறார்கள். அதில் விபத்து சுமார் 3.3 லட்சம்தான். மீதி எல்லாம் நோய். தூசு, ரசாயனம், ஓய்வில்லாத நீண்ட வேலை நேரம். உற்பத்தித் திறன் பற்றிய கூட்டங்களில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு ஆலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள் 412' என்று பலகை. உள்ளே வரவேற்பு மேசையில் கையில் பெரிய கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்வேயர் வேலைக்காரர். கை நசுங்கி ஒன்பது நாள். தினமும் வந்து உட்கார்ந்தால் 'வேலை நாள் இழப்பு' கணக்கில் வராதாம். முதலுதவிப் பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன். அதே கன்வேயரில் அந்த மாதம் மட்டும் ஏழு பேருக்குக் கையில் காயம்.