மறு: ஆர்.வி.க்குத் தமிழ்ச்சொல் – வண்டிப்பேட்டையில் தேடலாமே

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆர்.வி., அதாவது 'ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்', உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம்போகும் வண்டி. அதற்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்றிரவு மறுபடி படித்தேன். பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

> 'பொழுதுபோக்கு ஊர்தி' என்றே வைத்துக்கொள்ளலாம். மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது.

நேராக இருக்கிறது ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் ஒருவருக்கு உள்ளே அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் இருப்பது தெரியவருமா? ஏரியில் சீறும் நீர் ஸ்கூட்டர்கூடப் பொழுதுபோக்கு ஊர்திதான். 'கேரவன்' என்றால் நம் ஊரில் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி. 'நடமாடும் வீடு' என்றால் அமெரிக்காவில் வேறொன்று: தொழிற்சாலையில் கட்டி, ஓரிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் வீடு. 'வீட்டு வண்டி' நம் பேச்சில் வீட்டுக்குச் சொந்தமான வண்டி.

ஆலப்புழைக்குப் போய்வந்தவர்கள் 'படகுவீடு' என்கிறார்கள், யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதே அச்சில் 'வண்டிவீடு' என்று சொல்லலாம். காரில் கோத்து இழுப்பது இழுவை வண்டிவீடு. நிறுத்திய இடத்தில் விரித்துக்கொள்ளும் சிறியது, மடக்குக்கட்டில் போல, மடக்கு வண்டிவீடு.

> தயவுசெய்து 'முகாம்' எண்டு வையாதேங்கோ. எங்கட சனத்துக்கு அந்தச் சொல்லில விடுமுறை ஞாபகம் வராது.

அக்கா, இந்த வண்டிகள் போய்த் தங்கும் 'கேம்ப்கிரவுண்டு'க்கு அந்தச் சொல்லைத்தான் குறித்திருந்தேன். உங்கள் வரியைப் படித்தபின் அதை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். 'பாசறை'யும் போர்ச்சொல்தான்.

அதற்கு மாற்றைத் தேடும்போதுதான் போன கோடை நினைவுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மிச்சிகனில் லடிங்டன் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். மேற்கே மிச்சிகன் ஏரி, கிழக்கே ஹாம்லின் ஏரி, நடுவே மணல்மேடும் காடும். மறுகரை தெரியாத மிச்சிகனை ஏரி என்று ஒப்புக்கொள்ள அம்மா கடைசிவரை மறுத்துவிட்டார். ஹாம்லின், மர ஆலைக்காக ஆற்றை மறித்துத் தேக்கியது என்று சொன்னதும், "அப்ப இதான் ஏரி, அது கடல்" என்றார். கரை கட்டித் தேக்கியதைத்தானே நாம் ஏரி என்கிறோம். அம்மா சொன்னதில் பிழையில்லை.

மாலையில் வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள், பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகள் அந்த வண்டிக்கும் இந்த வண்டிக்கும் ஓடினார்கள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது நம்ம வண்டிப்பேட்டைல்ல" என்றார். சந்தைக்குப் போகிற மாட்டுவண்டிகள் இரவு தங்குமிடம். மாட்டை அவிழ்த்துக் கட்ட இடமும், கிணறும், கல்தொட்டியும் இருக்கும். அப்பா சின்ன வயதில் தாத்தாவோடு அங்கே படுத்தவர். வண்டிகள் போனபின்னும் பல ஊர்களில் பெயர் மட்டும் தெருப்பெயராக நிற்கிறது. ஆளில்லாத அந்தச் சொல்லை மறுபடி குடிவைக்கலாம்.

வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் எடுக்க ஒரு கம்பம் இருக்கும். அதில் 30 ஆம்பியருக்கு மூன்று முள் சாக்கெட், 50 ஆம்பியருக்கு நான்கு முள் சாக்கெட். இந்தக் கம்பத்துக்கு என் பரிந்துரை, மாட்டைக் கட்டும் கம்பத்தின் பெயரான 'கட்டுத்தறி'. தறி என்றால் கோவை, ஈரோட்டுப் பக்கம் நெசவுத்தறிதான் நினைவுக்கு வரும் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அதனால்தான் 'மின்தறி' என்று சுருக்கவில்லை, விசைத்தறியோடு குழம்பும். கட்டுத்தறி என்று முழுசாகச் சொன்னால், கம்பன் வீட்டுப் பழமொழி இருக்கும்வரை, பொருள் மாறாது. 'ஹூக்கப்' என்பதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு என்று தினமும் பேசுகிறோம். மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் இருந்தால் முழு இணைப்பு.

இனி, நிறத்தை மொழிபெயர்ப்பது பற்றி. வண்டியின் அடியில் இரண்டு கழிவுத்தொட்டிகள். கழிப்பறையிலிருந்து வருவது ஒன்று, சமையல்தொட்டியும் குளியலும் வடிவது இன்னொன்று. ஆங்கிலத்தில் முதலாவது 'பிளாக் வாட்டர்', இரண்டாவது 'கிரே வாட்டர்'. அப்படியே 'கருநீர்', 'சாம்பல்நீர்' என்று எழுதினால் சாம்பல் கரைத்த தண்ணீர் என்றுதான் தோன்றும். நான் இரண்டையுமே 'கழிவுத்தண்ணி' என்று சொல்லிப் பழகியிருந்தேன். புறப்படும் நாள், "முதல்ல கழிவுத்தண்ணியத் திறங்கப்பா" என்றேன், அவர் சோப்புநீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார். கழிப்பறைத் தொட்டி முதலில் காலியாக வேண்டும், பின்னால் வரும் சோப்புநீர்தான் குழாயை அலசும். அன்று வரிசையில் ஆட்கள் காத்திருக்க, குழாயைத் தனியே கழுவினோம். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. என் சொல்லில் இருந்த பிழைக்கு அவர் கூசி நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது. எனவே மலநீர்த்தொட்டி, கழுவுநீர்த்தொட்டி. சுத்தத் தண்ணீருக்கு நன்னீர்த்தொட்டி. இறக்கும் இடம் கழிவிறக்குமிடம், அதற்குமேல் அழகுபடுத்த ஒன்றுமில்லை.

இந்த இழைக்கு என்னை எழுத வைத்தது 'டங் வெயிட்' என்ற சொல். இழுவை வண்டியின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். 4,000 பவுண்டு வண்டியென்றால் 400 முதல் 600 பவுண்டு. சாமானைப் பின்பக்கம் குவித்துவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும், சில நேரம் காரையே புரட்டிவிடும். இதை அப்பாவுக்கு ஆங்கிலமும் தமிழுமாய்க் கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முன்பாரம்னு சொல்லேன். பின்பாரமாயிட்டா நுகம் மாட்டுக் கழுத்தை விட்டுத் தூக்கும், முன்பாரம் ஜாஸ்தியானா கழுத்தை அமுக்கும்" என்றார். இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. வண்டிக்காரர்கள் கையில் தயாராக இருந்த சொற்களை விட்டுவிட்டு 'நாக்கு எடை' என்று எழுதப் பார்த்தோமே!

பழமைக்குச் சான்று கேட்பவர்களுக்கு ஒன்று. புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகர்களான உமணரின் வண்டி அடிமரத்தில் கட்டிவைத்த 'சேம அச்சு' பற்றிப் பாடுகிறார். மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று எடுத்துப்போன மாற்று அச்சு. 'ஸ்டெப்னி'யை விட மனமில்லாதவர்கள் விட வேண்டாம், எழுத்தில் சேமச் சக்கரம் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

வண்டி ஓட்டிய குடும்பத்தார் இங்கே இருந்தால் ஓர் உதவி வேண்டும். காரைக் கழற்றியதும் இழுவை வண்டியின் முன்பக்கத்தைத் தாங்க ஒரு திருகு ஜாக்கி இருக்கிறது. மாட்டை அவிழ்த்தபின் ஏர்க்காலுக்கு, அதாவது மாட்டுவண்டியில் நுகத்தோடு சேரும் நீளமரத்துக்கு, கொடுக்கும் கட்டையின் வேலைதான் அதற்கும். அப்பா ஊரில் அதற்கு 'முட்டு' என்றுதான் பெயராம். சக்கரத்துக்கு வைப்பதை முட்டுக்கட்டை என்று ஏற்கெனவே குறித்துவிட்டேன், இரண்டும் முட்டு என்றால் இருட்டில் வண்டி நிறுத்தும்போது குழப்பம் வரும். உங்கள் ஊரில் ஏர்க்கால் கட்டைக்கு என்ன பெயர்?

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து