பழைய கோட்டைக்குள்ள வீல்சேர் போகுமா?

கேள்வி:
எங்க அப்பா வரலாற்று வாத்தியாரா இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வீல்சேர்தான். ஒரு பழைய கோட்டையில இருக்கிற கல்வெட்டை ஒருமுறை நேர்ல பார்த்துடணும்னு ஆசைப்படுறார். போன் பண்ணிக் கேட்டதுக்கு "வசதியெல்லாம் இருக்கு, வாங்க"ன்னாங்க. நம்பிக் கூட்டிட்டுப் போகலாமா?

பதில் 1:
11 வருஷமா வீல்சேர்ல இருக்கேன். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கிளம்பாதீங்க. ஒரு அரண்மனையில எனக்கும் இதே பதில்தான் சொன்னாங்க. சாய்தளம் இருந்தது உண்மை, டிக்கெட் கவுன்ட்டர் வரைக்கும்தான். அதைத் தாண்டினா 9 படி. நாலு பேர் நாற்காலியோட தூக்கினாங்க. நல்ல மனசோடதான் தூக்கினாங்க, ஆனா ஒருத்தர் பிடிச்சிருந்த கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகல. அப்பாவை அப்படித் தூக்க விடாதீங்க.

மறுபடி போன் பண்ணி அளவு கேளுங்க. கல்வெட்டு வரைக்கும் எத்தனை படி? வாசல் அகலம் 80 செ.மீ.க்குக் குறையாம இருக்கா? சாய்தளத்துக்கு 1:12னு ஒரு கணக்கு உண்டு: வாசப்படி 15 செ.மீ. உயரம்னா பலகை 180 செ.மீ. நீளம் வேணும். குட்டைப் பலகையில ஏத்தினா நாற்காலி பின்னால சாயும். கழிப்பறை எங்கன்னும் கேட்டுடுங்க. அது தெரியாம நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம இருந்திருக்கேன்.

கல் பாவின தரைதான் பெரிய சோதனை. முன்சக்கரம் சின்னது, கல் இடுக்குல மாட்டி சட்டுனு நிக்கும், உட்கார்ந்திருக்கிறவர் முன்னால சரிவார். பெல்ட் போடுங்க. அப்பாகிட்ட சொல்லிட்டு நாற்காலியைப் பின்னால சாய்ச்சு, பெரிய சக்கரத்துல மட்டும் தள்ளுங்க. இறக்கம் வந்தா திருப்பி, பின்பக்கமா இறக்குங்க.

சாய்தளம் அது இதுன்னு வெச்சா பழமை கெட்டுடும்னு யாராவது சொன்னா, பழங்காலக் கிரேக்கக் கோயில்கள் இருக்கிற ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் குன்றுலயே 2020 டிசம்பர்ல புது லிஃப்ட் திறந்திருக்காங்கன்னு சொல்லுங்க. ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006) 30ஆவது பிரிவுல நினைவுச்சின்னங்களும் வருது. தயங்காம கேளுங்க.

பதில் 2:
எனக்குப் பார்வை இல்லை. ஒரு இடத்துல கோட்டையோட சின்ன மாதிரியைத் தடவிப் பார்க்கக் கொடுத்தாங்க. அகழி எப்படிச் சுத்தி வருதுன்னு அன்னிக்குத்தான் விரலுக்குப் புரிஞ்சுது. கல்வெட்டுக்குக் கிட்டப் போக முடியலன்னா, மைப்படி (கல்வெட்டு மேல தாளை ஒட்டி, மை ஒத்தி எடுக்கிற நகல்) இருக்கான்னு கேளுங்க. எழுத்தை மடியில வெச்சே அப்பா படிக்கலாம்.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நாற்காலியை அளந்தேன், சக்கரத்தைக் கையால தள்ளுற வளையத்தையும் சேர்த்து அகலம் 64 செ.மீ. திரும்பப் போன் பண்ணினா, முன்வாசல்ல 3 படி இருக்காம். பின்னால பழைய வண்டிப்பாதை ஒண்ணு பூட்டிக் கிடக்கு, முன்கூட்டிச் சொன்னா திறந்து விடுறோம்னாங்க. வாசப்படி உயரத்தை நாளைக்கு அளந்து சொல்றாங்க. மைப்படின்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். இப்போ பூதக்கண்ணாடியைத் தேடிட்டு இருக்கோம்.