அவசரம்: லேப்டாப் லாக் ஆகிவிட்டது, உள்ளே கல்யாணப் படங்கள்

மர்ஃபிடவுன்_கேமரா · வெள்ளி இரவு 9.50
வணக்கம். லேப்டாப் லாக் ஆகிவிட்டது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். பாஸ்வேர்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அதைப் போடுகிற இடமே வரமாட்டேன் என்கிறது. கோலார் தங்கவயலில் எடுத்த கல்யாணப் படம் மொத்தமும் அதில்தான். கேமரா கார்டை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டேன். ஞாயிறு பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்வதுதான் வழி என்கிறார்கள். யாராவது உதவுங்கள்.

சிவாஜிநகர்_செல்வம் · 9.58
எந்த விண்டோஸ்? திரையில் என்ன எழுதியிருக்கிறது? "லாக்" என்றால் பத்து விதம் இருக்கிறது தம்பி.

இரவுப்பறவை · 10.03
இது ரேன்சம்வேர்தான், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். முதலில் வைஃபையை அணையுங்கள். பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள், சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். என் நண்பர் கடையில் இப்படித்தான் பில் எல்லாம் போனது.

சாலிடர்_சங்கர் · 10.07
பின்மூடியைக் கழற்றி, போர்டில் இருக்கும் சின்ன சிமாஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மாட்டுங்கள். எல்லா லாக்கும் போய்விடும். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

பெங்குவின்_பாலு · 10.11
பென்டிரைவில் லினக்ஸ் போட்டு, விண்டோஸுக்குப் பதில் அதிலிருந்து பூட் செய்யுங்கள். படங்களை வெளியே எடுத்துவிடலாம்.

குரு98 · 10.15
வாரம் ஒருவர் வந்து "லாக் ஆகிவிட்டது" என்று ஒரே வரி எழுதுகிறீர்கள். மாடல் இல்லை, படம் இல்லை, என்ன செய்தீர்கள் என்பதும் இல்லை. கேட்கத் தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். பழைய இழைகளை ஒரு பத்து நிமிடம் படித்துவிட்டு வாருங்கள்.

மர்ஃபிடவுன்_கேமரா · 10.24
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். விண்டோஸ் 11. நீலத் திரை. "பிட்லாக்கர் ரிகவரி" என்று போட்டு ஒரு கீ கேட்கிறது. பணம் எதுவும் கேட்கவில்லை.

ஓசூர்_மீனா · 10.31
அப்படியானால் ஹேக் இல்லை, பயப்படாதீர்கள். பிட்லாக்கர் என்பது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. உங்கள் டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியோடு கட்டப்பட்டிருக்கும். பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல்) மாறினாலோ, போர்டு மாறினாலோ அது சாவியைக் கொடுக்காது. அப்போது 48 எண் கொண்ட ரிகவரி கீயைக் கேட்கும். சமீபத்தில் லேப்டாப்பில் ஏதாவது மாற்றினீர்களா?
பாலு, கீ இல்லாமல் லினக்ஸில் பார்த்தாலும் பூட்டிய டிஸ்க்தான் தெரியும். சங்கர் அண்ணா, பேட்டரியை எடுத்தால் பயாஸ் அமைப்புகள் மாறி இன்னும் சிக்கலாகலாம். தம்பி, இரண்டையும் இப்போது செய்யாதீர்கள்.

மர்ஃபிடவுன்_கேமரா · 10.36
இன்று சாயங்காலம்தான் சர்வீஸிலிருந்து வாங்கி வந்தேன் அக்கா. சார்ஜ் ஏறவில்லை என்று கொடுத்தேன், போர்டு மாற்றினார்கள். கடையில் லைட் எரிவதை மட்டும் காட்டினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

சிவாஜிநகர்_செல்வம் · 10.38
அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் தம்பி!

ஓசூர்_மீனா · 10.44
சரி, அதுதான் காரணம். போனிலோ வேறு கணினியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் ரிகவரி கீ இருக்கும். நீலத் திரையில் "கீ ஐடி" என்று ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்தும் கணக்கில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். கீயை இங்கே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மர்ஃபிடவுன்_கேமரா · 10.57
பார்த்துவிட்டேன். என் கணக்கில் ஒன்றுமே இல்லை. கம்பெனியைக் கேட்டால் கொடுப்பார்களா?

ஓசூர்_மீனா · 11.02
தொலைந்த கீயை மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. உடைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். இந்த லேப்டாப் புதிதாக வாங்கியதா? ஆபீஸ் கணக்கு போட்டிருந்தீர்களா?

மர்ஃபிடவுன்_கேமரா · 11.06
ஆபீஸ் கணக்கு இல்லை. அக்கா வீட்டுக்காரர் பயன்படுத்தியது. இரண்டு வருடம் முன்னால் எனக்குக் கொடுத்தார். அப்படியே என் பெயரில் இன்னொரு யூசர் போட்டுக்கொண்டேன்.

ஓசூர்_மீனா · 11.09
அங்கேதான் இருக்கிறது! முதலில் யார் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாரோ, அவர் கணக்கில்தான் கீ சேமிப்பாகியிருக்கும். இப்போதே அவரை அழையுங்கள்.

மர்ஃபிடவுன்_கேமரா · 11.15
மாமா எலெக்ட்ரானிக் சிட்டியில் நைட் ஷிஃப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். காலை ஆறு மணிக்குத்தான் பேச முடியும்.

சாலிடர்_சங்கர் · 11.22
பாருங்கள், நம்மைக் கேட்காமலேயே விண்டோஸ் டிஸ்கைப் பூட்டிவிடுவது என்ன நியாயம்? கல்யாணப் படம் எடுக்கிறவனுக்குக் குறியாக்கம் எதற்கு? நான் புது லேப்டாப் வந்தால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவேன்.

சிவாஜிநகர்_செல்வம் · 11.30
அண்ணா, மெஜஸ்டிக்கில் என் பை திருடுபோனது. உள்ளே லேப்டாப், அதில் வீட்டுப் பத்திரம், ஆதார், மனைவியின் மருத்துவ ரிப்போர்ட். லேப்டாப் போனது போனதுதான். ஆனால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எவனாலும் படிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் அன்று தூங்கினேன். அணைக்கச் சொல்லாதீர்கள்.

சாலிடர்_சங்கர் · 11.34
திருடன் படிக்கிறானோ இல்லையோ, சொந்தக்காரனே படிக்க முடியாமல் என் கடைக்கு வந்து அழுகிறார்கள். கீயைப் பேப்பரில் எழுதி வை என்று கொட்டை எழுத்தில் யார் சொன்னார்கள்?

குரு98 · 11.41
2024 ஜூலை விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் இதே திரை வந்தது, ஆகஸ்டில் சரிசெய்தார்கள். அப்போதும் கீயை எடுத்து வைத்தவர்களுக்கு ஐந்து நிமிட வேலைதான். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் பிட்லாக்கரை இடைநிறுத்த வேண்டும். இதெல்லாம் அடிப்படை.

சிவாஜிநகர்_செல்வம் · 11.43
அடிப்படை தெரிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார்? தெரிந்ததைச் சொல்லுங்கள், குட்டாதீர்கள்.

ஓசூர்_மீனா · 11.52
கேமரா தம்பி, காலையில் மாமா போனில் எண்களைச் சொல்லும்போது ஒரு சங்கதி. ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுப்பு வரும். ஒவ்வொரு தொகுப்பும் 11ஆல் மீதியின்றி வகுபடும். உதாரணத்துக்கு 443289 சரி, ஒரு எண் மாறி 448289 என்று எழுதினால் மீதி வரும். கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எண் விசை வேலை செய்யாவிட்டால் எஃப்1 முதல் எஃப்9 வரை அழுத்தலாம், பூஜ்யத்துக்கு எஃப்10.
உள்ளே போனதும் முதலில் படங்களை வெளி டிஸ்க்கில் ஏற்றுங்கள். அப்புறம் பிட்லாக்கரை ஒருமுறை இடைநிறுத்தி மறுபடி இயக்குங்கள். புது போர்டோடு சாவி கட்டப்படும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கீ கேட்கலாம்.

இரவுப்பறவை · சனி 12.10
ரேன்சம்வேர் இல்லை என்றால் நல்லது. ஆனாலும் உள்ளே போனதும் ஒரு ஸ்கேன் ஓட்டுங்கள்.

சிவாஜிநகர்_செல்வம் · காலை 8.20
தம்பி, மாமா எடுத்தாரா?

மர்ஃபிடவுன்_கேமரா · காலை 11.35
திறந்துவிட்டது. மாமா கணக்கில்தான் இருந்தது, கீ ஐடி ஒத்துப்போனது. அவர் பஸ்ஸில் நின்றபடி சொன்னதில் "நைன்" எனக்கு "ஃபைவ்" என்று கேட்டிருக்கிறது. மூன்றாவது தொகுப்பு 11ஆல் வகுபடவில்லை, அதை மட்டும் திரும்பக் கேட்டேன். படங்கள் வெளி டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன. மீனா அக்காவுக்கு ரொம்ப நன்றி.

ஓசூர்_மீனா · காலை 11.48
சந்தோஷம் தம்பி. பிட்லாக்கரை இடைநிறுத்தி இயக்கினீர்களா?