முதல் பெண் யார்? (குடும்ப அரட்டைக் குழுவில் ஓர் இரவு)

கயல்: பெரியப்பா, விண்ணப்பக் கட்டுரையை இன்றிரவு 12 மணிக்குள் அனுப்ப வேண்டும். 'எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்' என்பதற்கு 'த ஃபர்ஸ்ட் வுமன் கிராஜுவேட்டிங்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

முரளி: சரிதான். அனுப்பு.

பெரியப்பா: அனுப்பாதே! ஃபர்ஸ்ட், லாஸ்ட், ஒன்லி வந்தால் பின்னால் 'டு' போட்ட வினைதான் இயல்பு. 'த ஃபர்ஸ்ட் வுமன் டு கிராஜுவேட்'. 1969இல் நிலவில் நடந்த ஆம்ஸ்ட்ராங் 'த ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் த மூன்'. 'வாக்கிங்' என்றால் இன்னும் நடந்துகொண்டிருப்பது போலாகிவிடும்.

சித்தி: முரளி, பீரோ சாவி உன்னிடமா?

கயல்: 'டு' என்றால் இனிமேல் நடக்கப்போவது இல்லையா?

பெரியப்பா: நல்ல கேள்வி. 'எ லெட்டர் டு ரைட்' என்றால் இனி எழுத வேண்டிய கடிதம்தான். ஃபர்ஸ்ட் வரும்போது அந்தப் பொருள் கட்டாயமில்லை, முடிந்த செயலுக்கும் வரும். தமிழில் எழுதும் பெண், எழுதும் கடிதம், எழுதும் பேனா, மூன்றுக்கும் ஒரே பெயரெச்சம் போதும். ஆங்கிலத்தில் பெண்ணுக்கு 'ரைட்டிங்', கடிதத்துக்கு 'பீயிங் ரிட்டன்', பேனாவுக்கு 'டு ரைட் வித்'. அந்த 'வித்'தை விட்டால் பேனாவையே எழுதுவதாக ஆகிவிடும்!

முரளி: சாவி என்னிடம் இல்லை.

அத்தை: இலக்கணம் இருக்கட்டும், அண்ணா. முதல் பெண் கயலா?

அத்தை: நான் அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் கணக்கில் வராதா?

சித்தி: அது கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது, அண்ணி. அந்த வீட்டுக் கணக்கு.

அத்தை: அப்பாவும் இதைத்தான் சொன்னார். சான்றிதழை ஒருவர்கூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

பெரியப்பா: நான் பார்த்தேன். உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது.

அத்தை: பிழையைப் பார்த்தீர்கள்.

முரளி: மாமா, செகண்டுக்கும் 'டு' வருமா?

பெரியப்பா: வரும். எந்த வரிசை எண்ணுக்கும் வரும்.

சித்தி: இரண்டாவது என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? முதல் என்றே இருக்கட்டும்.

கயல்: அத்தை, எந்த ஆண்டு வாங்கினீர்கள்?

அத்தை: 1994. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முரளி: அந்தக் குழந்தை நான்தானே அம்மா? தெரியாதே!

பெரியப்பா: மணி 11.20. எதை எழுதினாலும் 'டு' போடு.

கயல்: அத்தை, இப்போது அழைக்கிறேன். எடுங்கள்.