நூலில் ஏறும்போது கிளைடர் இடப்பக்கம் சாய்கிறது, உதவி தேவை

பாலக்கோடு_கிளைடர்:
வணக்கம் அண்ணா. பால்சா கட்டையில் எஃப்1எச் (நூலில் இழுத்து ஏற்றும் சிறிய போட்டி வகை) கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத மாதிரி விமானம் ஒன்று கட்டியிருக்கிறேன், எடை 228 கிராம். கேழ்வரகு அறுத்த எங்கள் வயலில் 50 மீட்டர் நூலில் இழுத்து விடுகிறேன். போன வாரம் நேராக ஏறியது. இப்போது பாதி உயரம் போனதும் இடப்பக்கம் சாய்ந்து தரைக்கு வருகிறது. வேகமாக ஓடினால் இன்னும் மோசம். சுக்கானை வலப்பக்கம் திருப்பியும் சரியாகவில்லை. இரண்டு முறை மூக்கு உடைந்து ஒட்டிவிட்டேன்.

அணைக்கட்டு_காற்று:
நூல் மாட்டும் கொக்கி ரொம்பப் பின்னால் இருக்கும். 2 மி.மீ. முன்னே தள்ளிப் பாருங்கள்.

ஓசூர்_பால்சா:
கொக்கி தப்பென்றால் இரண்டு பக்கமும் அலையும் தம்பி. ஒரே பக்கம், அதுவும் வேகம் கூடக் கூட என்றால் இறக்கை முறுகியிருக்கிறது. வெயிலில் வைத்தீர்களா? விமானத்தைப் பின்னாலிருந்து கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு இறக்கையின் பின்விளிம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுக்கானைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

பாலக்கோடு_கிளைடர்:
ஆமாம் அண்ணா! இடது நுனியில் பின்விளிம்பு 3 மி.மீ. மேலே தூக்கியிருக்கிறது. பகல் முழுக்கத் தகரக் கொட்டகையில்தான் கிடந்தது.

ஓசூர்_பால்சா:
அதுதான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்த இடத்தை ஆவியில் காட்டுங்கள். இறக்கையில் ஒட்டிய டிஷ்யூ தாள் தளர்ந்ததும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். விட்டால் பாதி திரும்பி வரும்.

அப்புறம், விடியற்காலை ஆறு மணிக்குப் பறக்கவிடுங்கள். 2019இல் அமெரிக்காவின் லாஸ்ட் ஹில்ஸில் நடந்தது போன்ற மாதிரி விமான உலகப் போட்டிக்குப் போகிறவர்களும், வெப்பக்காற்று எழும் முன் அசையாத காற்றில்தான் விமானத்தைத் திருத்துவார்கள். பத்து மணிக்கு மேல் ஏறினால் அது காற்றின் வேலையா உங்கள் வேலையா என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், உடனே நோட்டில் எழுதுங்கள்.

பாலக்கோடு_கிளைடர்:
இன்று காலை பனியோடு போனேன். உச்சிவரை நேராக ஏறி, வலப்பக்கம் வட்டமிட்டு 74 நொடி! அம்மா வரப்பில் நின்று கைதட்டினார். இனி வெப்பக்காற்றில் தொலைந்துபோகாமல், குறித்த நேரத்தில் வால் மேலே தூக்கி விமானம் இறங்க, மெல்லப் புகைந்து எரியும் திரி வைக்கலாமா?

அணைக்கட்டு_காற்று:
திரி வேண்டவே வேண்டாம். காய்ந்த தாளில் விழுந்தால் பக்கத்து வைக்கோல் போரும் போய்விடும். சாவி கொடுக்கும் பொம்மையின் பல்சக்கரப் பெட்டியைக் கழற்றி டைமராக வையுங்கள். எப்படிக் கட்டுவதென்று படம் எடுத்துப் போடுகிறேன்.